அம்பலம் ஏறாத தகரம்

நடராஜப் பெருமான் நடனம் புரிவதாகச் சைவர்கள் போற்றும் ஐந்து சபைகளில், சிதம்பரம் பொன்னின் பெயரையும், மதுரை வெள்ளியின் பெயரையும், திருநெல்வேலி தாமிரத்தின் பெயரையும், திருவாலங்காடு இரத்தினத்தின் பெயரையும் தாங்கி நிற்க, குற்றாலம் மாத்திரம் எந்த உலோகத்தையும் எந்த மணியையும் நாடாமல் சித்திரத்தின் பெயரைச் சூடிக்கொண்டிருக்கிறது. அந்தச் சித்திர சபையின் கூரைக்குச் செப்புத் தகடு வேய்ந்திருக்கிறார்கள் என்பது மெய்யே. ஆயினும் மண்டபத்துக்குப் பெயர் தேடிக் கொடுத்த பெருமை, உட்சுவர்களில் வர்ணம் குழைத்துத் தீட்டிய ஓவியர்களின் கைக்கே உரியது. சுண்ணாம்புச் சுவரும் கொஞ்சம் வர்ணமும் தேர்ந்த கையும் கூடினால் பொன்னம்பலத்துக்கு நிகரான ஒரு சபை உண்டாகிவிடும் என்று நம் முன்னோர்கள் செய்த தீர்மானத்தை மனத்தில் இருத்திக்கொண்டுதான், தென்காசி வட்டாரத்தில் யாரும் ஒரு பொருட்டாக மதியாத தகர வேலையைப் பற்றி இந்தக் கட்டுரையை எழுத முற்படுகிறேன்.

ஆனி பிறந்து, தென்மேற்குக் காற்று ஆரியங்காவுக் கணவாய் வழியாக நுழைந்து சாரல் தூவத் தொடங்கியதும், பேரருவிக்கும் ஐந்தருவிக்கும் பழைய குற்றாலத்துக்கும் வந்து குவிகிற ஜனங்கள் குளித்துக் கரையேறிய அடுத்த கணமே தேடுவது சூடான பலகாரம். நேந்திரங்காய் வறுவலும் மிளகாய் பஜ்ஜியும் பொரிந்துகொண்டே இருக்கிற அந்தக் கடைகளில் எண்ணெய்ச் சட்டியின் அடுப்பு விடிந்தது முதல் அடங்கும் வரை அணைவதில்லை. கடையின் முகப்பைப் பார்த்துத் திரும்பிவிடுகிறவர்களுக்கு அதன் பின்கட்டு தெரியாது. அங்கே பதினைந்து கிலோ எண்ணெய் டின்கள், மூடி பிளந்து, அடியில் மஞ்சள் எண்ணெய் சற்றே தேங்கி, தோள் உயரத்துக்கு அடுக்கப்பட்டிருக்கும். ஒருமுறை பயன்பட்ட தகரக் கொள்கலனில் மறுபடியும் உணவுப் பொருளை அடைக்கலாகாது என்பது இந்த நாட்டின் உணவுப் பாதுகாப்பு விதி. ஆகையால் எண்ணெய் ஆலைக்குத் திரும்பிப் போக நியாயம் இல்லாத அந்த டின்களைப் பழைய இரும்புக்காரர் நசுக்கி எடை போட்டு எடுத்துச் செல்கிறார். நசுக்குவதற்கு முன்னால் ஓர் அரைமணி நேரம் ஒரு கைத்தொழிலாளியின் கண்ணில் அவை பட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதுதான் நமது விஷயம்.

தகரம் நமக்குப் பழைய சொந்தம் இல்லை. மெல்லிய இரும்புத் தகட்டின் இரு முகங்களிலும் வெள்ளீயத்தைப் பூசினால் கிடைப்பது அது. 1810-ஆம் ஆண்டில் பிரெஞ்சுக்காரரான நிக்கோலா அப்பேர், உணவைக் கண்ணாடிப் புட்டியில் அடைத்துக் காய்ச்சிக் கெடாமல் காக்கும் முறையை நூலாக வெளியிட்டார். அதே ஆண்டில் பீட்டர் டியூரண்ட் என்பவர் கண்ணாடிக்குப் பதிலாகத் தகரக் குவளையையும் சேர்த்து இங்கிலாந்தில் காப்புரிமை பெற்றார். நம் கிராமங்களுக்குள் தகரத்தைக் கொண்டு வந்து சேர்த்ததோ உணவு அன்று, மண்ணெண்ணெய். நான்கு காலன் கொண்ட சதுர டின்களில் அது கடல் தாண்டியும் ரயில் ஏறியும் வந்தது. அந்த வியாபாரத்தில் முன்னின்ற பர்மா எண்ணெய்க் கம்பெனியார் டின்னுக்கு வேண்டிய தகட்டை இந்நாட்டிலேயே உற்பத்தி செய்துகொள்ள விரும்பி, டாட்டா நிறுவனத்தாருடன் சேர்ந்து 1920-இல் இந்தியத் தகரத் தகட்டுக் கம்பெனியை ஸ்தாபித்தார்கள். ஜம்ஷெட்பூரை அடுத்த கோல்முரியில் அந்த ஆலை 1922-இல் வேலையைத் தொடங்கிற்று.

வெளிச்சத்துக்காக வந்த எண்ணெய் தீர்ந்து போயிற்று. டின் வீட்டிலேயே தங்கிவிட்டது. வாயை வெட்டிக் குறுக்கே ஒரு கட்டையை அடித்தால் தண்ணீர் வாளி. பாதியாகப் பிளந்தால் மாட்டுக்குக் கழுநீர்த் தொட்டி. விரித்து ஆணி அடித்தால் கோழிக்கூட்டுக்குக் கூரை. சிறு துண்டுகளை வளைத்து ஈயப்பற்று வைத்தால் புனல், சிமினி விளக்கு, எண்ணெய்ப் படி, உண்டியல். முறுக்கும் அதிரசமும் நமுத்துப் போகாமல் இருக்கத் தாய்மார்கள் நம்பியதும் அந்த டின்னைத்தான். மின்சாரம் வந்து, அதற்குப் பின் பிளாஸ்டிக்கும் வந்து, இந்த உருப்படிகளை ஒவ்வொன்றாக வீட்டைவிட்டு வெளியேற்றின. விளக்கு செய்தவர்கள் தண்ணீர்க் குழாய் வளைக்கவும், கூரைக்குத் தாழ்வாரத் தகரம் அடிக்கவும் போய்விட்டார்கள்.

இந்தத் தொழிலுக்கு நம் சமூகத்தில் ஒரு ஸ்தானம் ஏற்படாமல் போனதற்கு முக்கியமான காரணம் ஒன்று உண்டு. கொல்லர், தச்சர், கன்னார், சிற்பி, தட்டார் என்று கம்மாளரின் ஐந்தொழில்களும் விசுவகர்மாவின் ஐந்து முகங்களிலிருந்து தோன்றியவையாக வகுத்து, ஒவ்வொன்றுக்கும் மரபும் மரியாதையும் கற்பித்து வைத்த காலத்தில் தகரம் இந்த நாட்டுக்கு வரவில்லை. பிந்தி வந்த காரணத்தால் அதற்குக் குலகுரு இல்லை, சாஸ்திரம் இல்லை, கோயிலில் முதல் மரியாதை இல்லை. பிழைப்புக்கு வழி தேடிய எந்த ஜாதிக்காரரும் எந்த மதத்தவரும் ஒரு கத்தரிக்கோலும் ஒரு மரச்சுத்தியும் வாங்கிக்கொண்டு அதில் இறங்கினார்கள். ஏழை சொல் அம்பலம் ஏறாது என்பார்கள். ஏழையின் உலோகமும் ஏறவில்லை. அதைக் குறையென்று நான் எண்ணவில்லை. யாருக்கும் கதவு அடைக்காத கைத்தொழில்கள் இந்நாட்டில் சொற்பம். அவற்றுள் ஒன்று இது என்பதே இதற்குப் போதுமான சிறப்பு.

தென்காசியில் சுவாமி சன்னிதி பஜாரைத் தாண்டிய ஒரு சந்தில், வாசல் திண்ணையே பட்டறையாக, இன்னமும் தகர வேலை செய்துகொண்டிருக்கிற ஒரு பெரியவரை நான் அறிவேன். பெயர் எழுத வேண்டாம் என்பது அவருடைய விருப்பம். 1990-இல் குடமுழுக்குக் கண்ட காசிவிசுவநாதர் கோயிலின் புதிய இராஜகோபுரம் அவர் உட்கார்ந்திருக்கும் இடத்திலிருந்து பாதி தெரியும். பராக்கிரம பாண்டியன் எடுப்பித்த கோயிலின் பழைய கோபுரம் எரிந்து மொட்டையாக நின்ற காலத்தில் தொழில் பழகியவர் அவர். அவர் ஓர் எண்ணெய் டின்னைக் கண்ணாடிச் சட்டமாக மாற்றுவதை அருகில் இருந்து பார்த்தால், கலை என்று நாம் எதைச் சொல்கிறோம் என்பது தெளிவாக விளங்கும்.

முதலில் டின்னின் தலையையும் அடியையும் உளி வைத்து நீக்குகிறார். சீயக்காய்த் தூளும் வெந்நீரும் விட்டு எண்ணெய்ப் பிசுக்கை அறவே போக்குகிறார். பிசுக்கு துளி இருந்தாலும் பற்று ஒட்டாது. பிறகு பக்கத்து மூட்டோரமாக மேலிருந்து கீழே ஒரே வெட்டு. ஒன்பது அங்குலத்துக்குச் சற்று மேற்பட்ட நான்கு சுவர்கள் விரிந்து, மூன்றடிக்கு மேல் நீளமும் ஏறக்குறைய பதினான்கு அங்குல அகலமும் உள்ள தகடாகக் கிடக்கின்றன. வெளிமுகத்தில் சூரியகாந்திப் பூவும் கம்பெனி எழுத்தும் அச்சாகியிருக்கும். உள்முகம் நிலா வெளிச்சத்து நீர்போலப் பளபளக்கும். மரப்பலகைமேல் கவிழ்த்து மரச்சுத்தியால் தட்டிச் சமன் செய்கிறார். இரும்புச் சுத்தியலை இந்த நிலையில் அவர் தொடுவதே இல்லை. அதன் ஒவ்வோர் அடியும் தழும்பாகிவிடும்.

நாலைந்து பழைய நாளிதழ்களை மெத்தையாகப் போட்டு, அதன்மேல் தகட்டை வைத்து, முனை மழுங்கிய ஆணியால் பின்புறத்திலிருந்து புள்ளி புள்ளியாக அவர் தட்டும்போது, முன்புறத்தில் கோலத்துப் புள்ளிகள்போல வரிசை எழும்புகிறது. கோயில் கவசத்துக்கு அரக்கின்மேல் வெள்ளித் தகட்டை வைத்துத் தட்டுகிற அதே முறைதான். கவசத்தில் வருகிற மாதிரி இதிலும் ஒரு முகத்தை, ஒரு யாளியைப் புடைத்து எழுப்பக் கூடாதா என்று கேட்டேன்.

“அது வராது தம்பி. செம்பைக் காய்ச்சுனா இளகும், மறுபடி தட்டலாம், மறுபடி காய்ச்சலாம். இதைக் காய்ச்சுனா பூச்சு ஓடிரும், கருத்துப் போவும். தட்டத் தட்ட முறுகிக்கிட்டே வரும், கடைசியில கிழிஞ்சிரும்.”

“அப்படியானால் எப்படித்தான் அண்ணாச்சி இதில் அழகு பண்ணுவது?”

“மடிச்சுத்தான் பண்ணணும். வெட்டு, மடிப்பு, புள்ளி. இந்த மூணும்தான் தகரம்.”

அவருடைய மூன்று சொற்களில் ஒரு முழு உலோக சாஸ்திரம் அடங்கியிருக்கிறது. தட்டி இறுகிய இரும்பை மறுபடி இளக்க வேண்டுமானால் அது சிவக்கும்வரை காய்ச்ச வேண்டும். அதன்மேல் இருக்கும் வெள்ளீயமோ 232 டிகிரி செல்ஷியஸ் வெப்பத்திலேயே உருகி வழிந்துவிடும். தகட்டின் கனம் மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டாது. இன்று மின்முறையில் ஏற்றுகிற வெள்ளீயப் பூச்சின் கனமோ பெரும்பாலும் ஒரு மைக்ரானுக்கும் குறைவு. ஆகவே செம்பில் சாத்தியமான ஆழ்ந்த புடைப்பு தகரத்தில் அசாத்தியம். செம்பு கொழுகொழுவென்று உருண்டு எழும். தகரம் நறுக்கென்று மடியும். விசிறி மடிப்பு, வரிவரியான பள்ளம், எட்டிதழ்ப் பூ, நட்சத்திரம், துளையிட்ட விளக்குக் கூடு ஆகிய உருவங்கள் தகரத்தில் பொலிவதற்கு இதுவே காரணம். இந்தப் பொருளின் சுபாவத்தை மதிக்காமல் வெண்கலச் சிலையின் நகலைத் தகரத்தில் செய்ய முற்படுகிறவர்கள் எல்லோரும் தோற்றே போவார்கள்.

வெட்டிய விளிம்பு சவரக்கத்தி. அதை நூலிழை அகலத்துக்கு உள்பக்கம் மடித்து, மரச்சுத்தியால் அமர்த்தி, விரல் வைத்து ஓட்டிப் பார்த்த பின்னரே அவர் அடுத்த பக்கத்துக்குப் போகிறார். மூலைகளைச் சேர்க்கும் இடத்தில் நவச்சாரத்தைத் தடவி, அடுப்பில் காய்ந்த செம்புமுனைச் சூட்டுக்கோலால் ஈயக் குச்சியைத் தொட்டவுடன், வெள்ளிச் சொட்டு ஒன்று மூட்டுக்குள் தானாக ஓடிப் புகுந்து மறைகிறது. அந்தப் பற்றில் காரீயம் கலந்திருப்பதால் உண்ணும் பண்டத்துக்கான பாத்திரத்தை இப்போது அவர் செய்வதில்லை. எழுத்து அச்சடித்த முகத்தைச் சுவர்ப் பக்கமாகத் திருப்பி வைப்பது வழக்கம். ஆனால் அந்தச் சட்டத்தில் சூரியகாந்திப் பூ அச்சான பகுதியை மாத்திரம் வட்டமாக நறுக்கி, இதழ் இதழாகக் கீறி, நான்கு மூலையிலும் பதித்திருந்தார். வியாபார விளம்பரம் அந்த இடத்தில் அலங்காரமாக மாறிவிட்டது.

குளிர்பான டின்னும் இதுவும் ஒன்றல்ல என்பதையும் அங்கேதான் கற்றுக்கொண்டேன். காந்தம் ஒட்டினால் தகரம். ஒட்டாவிட்டால் பெரும்பாலும் அலுமினியம். அலுமினியம் காகிதக் கத்தரிக்கே இணங்கும். பூவுக்கும் பட்டாம்பூச்சிக்கும் நல்லது. சாதாரண ஈயப்பற்று அதில் ஒட்டாது. கம்பியால் தைக்கத்தான் வேண்டும்.

தகடு அடித்த உருவத்துக்குத் தெய்வ சன்னிதியில் இடமே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. 2019 நவம்பரில் திருநெல்வேலியிலிருந்து பிரிந்து உருவான இந்தத் தென்காசி மாவட்டத்துக்குள்ளேயே சங்கரன்கோவில் இருக்கிறது. அங்கே ஆடித்தபசுக்கு வருகிற குடியானவர்கள், வயலிலும் வீட்டிலும் விஷ ஜந்துக்களால் தீங்கு நேராமல் இருக்க வேண்டிக்கொண்டு, மெல்லிய வெண்தகட்டில் அச்சழுத்திய பாம்பையும் தேளையும் வாங்கிச் சங்கரநாராயணரின் உண்டியலில் செலுத்துகிறார்கள். இன்னும் பல தலங்களில் கண், கை, கால் என்று அங்கங்களின் உருவத்தகடுகளைச் செலுத்துகிறார்கள். வசதியுள்ளவர் வெள்ளியிலும் இல்லாதவர் மலிவான உலோகத்திலும் செலுத்தினாலும் பிரார்த்தனையின் பலனில் பேதம் உண்டென்று யாரும் சொன்னதில்லை. கட்டைவிரல் அகலமுள்ள அந்தத் தேளைக் கையில் எடுத்து உற்றுப் பாருங்கள்: கொடுக்கின் வளைவையும் வாலின் கணுக்களையும் ஏழெட்டுக் கோட்டில் பிடித்த கை, எந்தக் கலைக்கூடத்தின் கைக்கும் குறைந்ததாகத் தோன்றாது.

இந்த வழிபாட்டுக்கு உலகின் மறுகோடியில் ஓர் இரட்டைப் பிறவி உண்டு. மெக்ஸிகோவில் நோய் தீர்ந்தவர்களும் விபத்தில் தப்பியவர்களும் உலோகத்தில் அழுத்திய சிறு கைகளையும் கால்களையும் தேவாலயத்தில் காணிக்கையாகத் தொங்கவிடுவதோடு, தாங்கள் தப்பிய வரலாற்றையே தகரத் தகட்டில் ஓவியமாகத் தீட்டச் செய்தும் சமர்ப்பிக்கிறார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் தகடு மலிந்தபோது பெருகிய இந்தப் பாமர ஓவியங்களைப் பிரீடா காலோ என்ற பெரும் ஓவியர் தேடித் தேடிச் சேகரித்தார். 1932-இல் அவர் தீட்டிய ‘ஹென்றி போர்டு மருத்துவமனை’ என்ற பிரசித்தமான ஓவியமும் இம்மரபை ஒட்டி உலோகத் தகட்டிலேயே அமைந்தது.

அதற்கும் வடக்கே நியூ மெக்ஸிகோவில் நடந்ததோ நம் கதைக்கு இன்னும் நெருக்கமானது. 1846-இல் அமெரிக்கப் படை சாந்தா பே நகருக்குள் பிரவேசித்த பின், கொழுப்பும் விளக்கு எரிக்கும் எண்ணெயும் அடைத்த டின்கள் வண்டி வண்டியாக அங்கே வந்து காலியாகிக் குவிந்தன. வெள்ளிக்கு வழியில்லாத அந்த வறண்ட பிரதேசத்து ஸ்பானிய மொழிக் கைவினைஞர்கள் காலி டின்களை விரித்து, ஆணியும் உளியும் கொண்டு புள்ளியும் வரியும் பொறித்து, அர்ச்சியசிஷ்டர்களின் படங்களுக்குச் சட்டமும், மாடங்களும், மெழுகுவத்தித் தண்டுகளும் செய்தார்கள். பல சட்டங்களின் பின்புறத்தில் கொழுப்புக் கம்பெனியின் பெயர் இன்றும் படிக்கும்படி இருக்கிறது. ஏறக்குறைய எழுபது ஆண்டுகள் செழித்த அந்த வேலைப்பாட்டை இன்று அருங்காட்சியகங்கள் கண்ணாடிப் பேழைக்குள் வைத்துக் காக்கின்றன. அவர்கள் கண்டுபிடித்த உருவங்களும் விசிறி மடிப்பு, எட்டிதழ்ப் பூ, வரிப்பள்ளம் ஆகியவையே. நம் தென்காசிப் பெரியவர் அவற்றைப் பார்த்தவரல்லர். பொருளின் சுபாவம் இருவர் கையையும் ஒரே இடத்துக்கு இட்டுச் சென்றிருக்கிறது.

கழிவுப் பொருளுக்கு இந்நாட்டிலும் மதிப்புத் தேடிக் கொடுத்தவர்கள் உண்டு. சண்டிகரில் சாலைத்துறை ஊழியராக இருந்த நேக் சந்த், உடைந்த வளையலையும் பீங்கானையும் கொண்டு ஒருவருக்கும் தெரியாமல் ஆண்டுக்கணக்கில் எழுப்பிய பாறைத் தோட்டம் 1976-இல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. அங்கே பார்க்கப் போகிறவர்கள் குப்பையைப் பார்த்ததாகச் சொல்வதில்லை.

குற்றாலத்துக்கே உரிய ஓர் இடையூறையும் சொல்லிவிட வேண்டும். அதைச் சொல்லாமல் இத்தொழிலைப் புகழ்வது நேர்மையாகாது. சாரல்தான் தகரத்தின் சத்துரு. துத்தநாகம் பூசிய கூரைத் தகட்டில் கீறல் விழுந்தால், துத்தநாகம் தன்னை அரித்துக்கொண்டு இரும்பைக் காப்பாற்றும். வெள்ளீயத்துக்கு அந்தத் தியாகம் கிடையாது. ஈரக்காற்றில் கீறல் வழியே தெரிகிற இரும்பு, வெள்ளீயம் பக்கத்தில் இருக்கும் காரணத்தாலேயே இன்னும் வேகமாகத் துருப்பிடிக்கும். ஆகையால் ஆணியின் ஒவ்வொரு துளையும், கத்தரியின் ஒவ்வொரு விளிம்பும் துருவுக்கு வாசல். நம் பெரியவர் வேலை முடிந்த அன்றே, கை ஈரம்கூடப் படாமல் துணியால் துடைத்து, நிறமில்லாத வார்னிஷை இரண்டு முறை பூசி நிழலில் உலர்த்துகிறார். புள்ளியின் பின்புறக் குழிகளில் தூரிகை எட்டாது என்பதற்காகக் கோழி இறகால் தொட்டுத் தொட்டு வைக்கிறார். இந்தப் பொறுமையில் குறைவு வைத்த சட்டம் ஐப்பசி மழை முடிவதற்குள் பழுப்பேறிவிடும். வாங்கியவர் இரண்டாம் முறை வாங்க மாட்டார்.

சீசன் கடைகளில் இன்று தொங்குவது என்ன? அம்பாசமுத்திரத்து மரச்சொப்பு ஏதோ ஒரு மூலையில் தென்படுவதை நீக்கிப் பார்த்தால், எங்கோ வார்த்து எங்கோ அடைத்த பிளாஸ்டிக் பொம்மைகளே கண்ணில் படுகின்றன. குற்றாலத்துக்கு வந்துபோன ஞாபகமாக ஒருவர் வாங்கிச் செல்லும் பொருளில் குற்றாலத்தின் கை படவில்லை என்பது எனக்கு ஆறாத வருத்தம். ஒரு டின்னின் நான்கு சுவரில் ஒரு பெரிய கண்ணாடிச் சட்டமோ, இரண்டு துளைவிளக்குக் கூடுகளோ, ஒரு டஜன் அகல் தாங்கிகளோ பிறக்கும். மூலப்பொருளின் விலை பழைய இரும்பின் விலையே. மீதம் முழுவதும் உழைப்பின் கூலி. அந்தக் கூலியை நியாயமாகக் கொடுக்க மனமில்லாமல், தகரத்துக்கா இத்தனை விலை என்று பேரம் பேசுகிறவர்களை அந்தத் திண்ணையிலேயே கண்டிருக்கிறேன். வெள்ளிக் குத்துவிளக்குக்குச் செய்கூலி கொடுக்கிறபோது அந்தக் கேள்வி அவர்கள் வாயில் எழுவதில்லை.

செய்ய வேண்டியவை பெரிய காரியங்கள் அல்ல. அரசினர் தொழிற்பயிற்சி நிலையங்களில் தகடு வேலை ஒரு பாடமாக ஏற்கெனவே இருந்து வருகிறது; குழாயும் பெட்டியும் மடிக்கக் கற்பிக்கும் அந்தப் பாடத்தோடு புள்ளி வேலையையும் துளை வேலையையும் ஒரு பருவம் கற்பிக்க, இந்தப் பெரியவரைப் போன்றவர்களை ஆசிரியராக அழைத்துச் சம்பளம் கொடுக்கலாம். 1973 முதல் கைவினைப் பொருள்களை விற்றுவரும் பூம்புகார் நிறுவனம், தஞ்சாவூர்க் கலைத்தட்டும் சுவாமிமலை விக்கிரகமும் இருக்கிற அலமாரியில் ஓர் அடுக்கைத் தகரத்துக்கு ஒதுக்கலாம். பலகாரக் கடைக்காரர்கள் டின்னை நசுக்காமல், மூடியைச் சீராக வெட்டி, தனியே எடுத்து வைத்தாலே பாதி வேலை முடிந்தது. நசுங்கிய தகட்டின் மடிப்புத் தழும்பை எந்த மரச்சுத்தியும் முழுதாகப் போக்க முடியாது.

பெரியவரின் பேரன் கோவையில் ஒரு பம்புத் தொழிற்சாலையில் இருக்கிறான். ஊருக்கு வரும்போது துளைவிளக்குகளைப் படம் பிடித்துச் சிநேகிதர்களுக்கு அனுப்புகிறான். போன ஆடியில் அப்படி வந்த ஒரு கேட்புக்காகப் பெரியவர் கடைவீதியில் சொல்லி வைத்து நல்ல டின்களாகச் சேர்த்துக்கொண்டிருந்தார். உணவு விடுதி ஒன்றின் முற்றத்துக்கு இருபத்துநான்கு விளக்குக் கூடுகள் வேண்டுமாம். எல்லாம் ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்று அவர்கள் விதித்த நிபந்தனையை மாத்திரம் அவர் ஒப்புக்கொள்ளவில்லை. டின்னுக்கு டின் தகடு வேறுபடும், புள்ளியும் வேறுபடத்தான் செய்யும் என்று பேரனிடம் சொல்லி அனுப்பினார். அவர்கள் சம்மதித்து முன்பணமும் அனுப்பிவிட்டார்கள்.